வாடகைக் கோட்டு

கணவனின் கோட்டுப் பாக்கெட்டில் அறைச் சாவியைத் தேடிய கைக்கு, நாலாய் மடித்த ஒரு காகிதம் அகப்பட்டது. அவன் குளியலறையில் வெந்நீர் வராத குழாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். அவள் பிரித்துப் படித்தாள்.

‘வியாழக்கிழமை நாலு மணி, படகுத்துறைக்குப் பின்னாடி. நான் பின்னிக் கொடுத்த பச்சை ஸ்வெட்டரைப் போட்டுக்கிட்டு வாங்க. வீட்ல மூச்சு விடாதீங்க.’

வளைந்து வளைந்து போகும் பெண் கையெழுத்து. இன்றைக்கு வியாழக்கிழமை.

ஏழு வருஷக் குடித்தனத்தில் இப்போதுதான் முதல்முறையாக வெளியூர் கூட்டி வந்திருக்கிறான். “பல்லு கிட்டிக்கிற குளிர்ல எவனாவது மலைக்குப் போவானா?” என்று அவளுடைய அண்ணன் கேட்டதற்கு இப்போது பதில் கிடைத்துவிட்டது.

தலையைத் துவட்டியபடி வெளியே வந்தவனிடம் காகிதத்தை நீட்டினாள்.

“யாரு இவ?”

அவன் இரண்டு தடவை படித்தான். “சத்தியமா தெரியாது. இது என் கோட்டா என்ன? காலையில ஏரிக்கரைக் கடையில வாடகைக்கு எடுத்தது. முன்னாடி போட்டவன் எவனோ விட்டுட்டுப் போயிருப்பான்.”

“நல்லா கதை கட்டுறீங்க. பச்சை ஸ்வெட்டர் எங்க?”

“ஸ்வெட்டர் இருந்தா நான் ஏன்டி வாடகைக் கோட்டுக்குள்ள நடுங்கிட்டிருக்கேன்?”

நியாயமான கேள்விதான். ஆனால் சந்தேகம் வந்தவள் காதில் நியாயம் எங்கே ஏறும்? பெட்டியைக் கட்டில்மேல் கவிழ்த்துப் பார்த்தாள். அதில் பச்சையாக இருந்தது அவனுடைய பல் துலக்கும் பிரஷ் ஒன்றுதான்.

“அந்தக் கடைக்காரம்மா வாயால சொல்லட்டும். இல்லேன்னா அஞ்சு மணி பஸ்ஸுல அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன். திரும்பி வர மாட்டேன்.” சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

ஏரியைப் பனி மூடியிருந்தது. கரையோரச் சரிவில் அவள் முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். ஆறடி உயரத்தைக் குறுக்கிக்கொண்டு அவன் பின்னால் வந்தான். அவளும் அதே கடையின் வாடகைக் கோட்டுதான் போட்டிருந்தாள்; அவள் கை கழுத்துக்குப் பின்னால் போய்ப் போய் வந்தது.

“கோட்டுல தெச்சிருக்கிற இந்த நம்பர் துணி குத்தித் தொலைக்குது. உங்களுக்குக் குத்தலையா?”

“எனக்கு ஒண்ணும் குத்தல.”

“சொரணை இருந்தாத்தானே குத்தும்!”

கடைக்காரம்மா வாடகைக் கையுறைகளை ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தாள். பாக்கெட்டில் எவளோ எழுதிய கடிதம் இருந்ததையும், இவள் பெட்டியைக் கவிழ்த்ததையும் கேட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

“அட, இதுக்கா அழுத? போன வாரம் ஒருத்தர் பாக்கெட்ல பல்செட்டே கிடந்துச்சு! சார் முகத்தைப் பாரு, பாவமா இருக்கு.”

ஒரு கையுறைக்கு ஜோடியைத் தேடிக்கொண்டே சொன்னாள்: “சந்தேகம் பொல்லாததும்மா. எனக்குக் கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். என் வீட்டுக்காரர் பாக்கெட்ல ஒரு நாளும் கை விட்டதில்ல. அந்த நம்பிக்கையிலதான் குடும்பம் ஓடுது.”

அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. கடைக்காரம்மா முன்னாலேயே கணவனின் கையைப் பிடித்துக்கொண்டாள். “தப்பா நினைச்சுட்டேங்க,” என்றாள். மனசிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியதுபோல் இருந்தது.

“அது எந்த மகராசன்னு இப்பவே தெரிஞ்சிடும். கோட்டு நம்பர் சொல்லுங்க சார்,” என்று கடைக்காரம்மா தலை நிமிராமலே நோட்டைப் புரட்டினாள்.

அவன் கோட்டைக் கழற்றிக் காலரைத் திருப்பிப் பார்த்தான். “இதுல நம்பரே இல்லையேம்மா,” என்று மேஜைமேல் வைத்தான். மடித்த காகிதத்தையும் அதன்மேல் வைத்தான்.

கடைக்காரம்மா நிமிர்ந்தாள். கோட்டின் காலரைத் தடவினாள். காகிதத்தைப் பிரித்து மெதுவாகப் படித்தாள். பச்சை ஸ்வெட்டர் வந்த இடத்தில் அவள் விரல் நின்றது.

சுவர்க் கடிகாரத்தில் நாலாக ஐந்து நிமிஷம்.

“காலையில வேன்ல வந்த கும்பல் பெரிய சைஸ் எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிடுச்சு. சார் உயரத்துக்கு எதுவும் இல்லேன்னு, அவசரத்துல அந்த ஆணியில தொங்கினதை எடுத்துக் கொடுத்தேன்…” அவள் சுவரில் வெறுமையாக இருந்த ஆணியைப் பார்த்தாள்.

“இது என் வீட்டுக்காரரோடதும்மா.”