கையில் இரும்பு

“நேத்து மத்தியானம், பாங்கு சொல்லிக்கினு இருந்தப்போ விழுந்தான் டாக்டரம்மா. கையும் காலும் இழுத்துக்கிச்சு. பீரோ சாவியக் கையில வெச்சதும் நின்னுச்சு.”

ஷாஜாதி கடப்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி செங்கல்பட்டுக்கு வந்திருந்தாள். வகுப்பிலும் ஒருமுறை விழுந்ததால், வலிப்பு இல்லை என்று டாக்டர் சொல்லும்வரை அஜ்மலை அனுப்ப வேண்டாம் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். ஏழு வயது அஜ்மல் நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டிருந்தான்.

“வீடியோ எடுத்தீங்களா?” டாக்டர் ஜெஸ்ஸி கேட்டார்.

ஷாஜாதி போனை நீட்டினாள்.

சின்னத் திரையில் அஜ்மல் தரையில் துடித்தான். அவன் அத்தா நூர்முகமது சாவிக் கொத்தோடு ஓடி வந்தார். துடிப்பு நின்றது.

“வலிப்பு வந்தா கண்ணு பெரும்பாலும் திறந்திருக்கும். இவன் இறுக்கி மூடியிருக்கான். இங்க பாருங்க, சாவி வருதான்னு ஒரு கண்ணைத் திறந்து பாக்குறான். விழறதுக்கு முன்னாடி என்ன கேட்டான்?”

“இந்தப் போனத்தான்.”

“ஸ்கூல்ல?”

“டிக்டேஷன் போட்டாங்களாம்.”

அஜ்மலின் கால் ஆடுவது நின்றது.

“அடப்பாவி, வூட்டுக்கு வா, உனக்குக் கீது,” என்றாள் ஷாஜாதி. ஆனால் முகம் தெளிந்துவிட்டது. எழுந்து பர்தாவைச் சரிசெய்துகொண்டாள். டாக்டர் போனைத் திருப்பித் தரவில்லை. வீடியோவை மறுபடி ஓடவிட்டார்.

“பின்னாடி சாப்பிட்டுக்கிட்டு இருக்கிற பொண்ணு யாரு?”

“பெரியவ, அலீனா. ஒம்போது வயசு. தங்கம் டாக்டரம்மா. இவன மாதிரி பேஜாரே கிடையாது. தம்பி இந்தக் கத்து கத்துறான், திரும்பிப் பாக்குறாளா பாருங்க. அவ்ளோ அடக்கம். சில நேரம் நானே கூப்பிட்டாலும் அசைய மாட்டா.”

டாக்டர் திரையைப் பெரிதாக்கி அவள் பக்கம் திருப்பினார். அலீனாவின் கை பாதியில் நின்றிருந்தது. கண் இமைகள் லேசாகத் துடித்தன. கையிலிருந்த டம்ளர் சாய்ந்து மோர் மடியில் கொட்டியது. அவள் குனிந்து பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, ஒன்றுமே நடக்காததுபோல் காலி டம்ளரை வாயில் வைத்தாள்.

“வலிப்புன்னா கை கால் இழுக்கணும்னு இல்லம்மா,” என்றார் டாக்டர். “இந்த மாதிரி அடக்கமா ஒரு நாளைக்கு எத்தனை தடவை இருப்பா?”