நடராஜா சர்வீஸ்

“இப்பதானே கிளம்பினோம், அதுக்குள்ள பஞ்சராடா?”

அமீரா போட்ட சத்தத்தில் ரப்பர் மரத்திலிருந்த குரங்கே இறங்கி ஓடிவிட்டது.

இல்ஹாம் பின் சக்கரத்தைப் பார்த்துத் தலையைச் சொறிந்தான். “எனக்கென்ன தெரியும்? மண் ரோடு லா.”

ஜூன் லீவு. எங்கள் வகுப்பில் நான்கு பேர் சாங்கியில் படகு பிடித்து, புலாவ் உபின் தீவுக்கு வந்திருந்தோம். பழைய ரப்பர் தோட்டத்தைச் சைக்கிளில் சுற்றிவிட்டு, கடலோரக் கோபுரத்தில் ஏறி இருவாச்சிப் பறவையைப் பார்ப்பதுதான் திட்டம்.

ஆனால் சைக்கிள் எடுத்தது மூன்று பேர்தான்.

“சைக்கிள்லாம் போர் லா. நடந்தாத்தான் காட்டை ரசிக்க முடியும்,” என்று பிரேம் வாடகை சைக்கிள் கடை வாசலிலேயே சொல்லிவிட்டான்.

நான் விடுவேனா? எம்ஆர்டி ரயில் அறிவிப்புக் குரலை எடுத்துவிட்டேன். “பயணிகள் கவனிக்க! நடராஜா சர்வீஸ் புறப்படுகிறது. தயவுசெய்து அவரவர் செருப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளவும்!”

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிரேமும் சிரித்தான். பிறகு குனிந்து ஷூ லேஸைக் கட்டினான். அது ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது.

“கடை ஆன்ட்டிக்கு போன் பண்ணுடா,” என்றாள் அமீரா. “பஞ்சரானா வேன்ல வர்றேன்னு சொன்னாங்கல்ல?”

“லைன் கிடைக்கல,” என்றான் இல்ஹாம், போனை வெளியே எடுக்காமலே. “நீங்க போங்க. நான் பின்னாடி நடந்து வர்ற பிரேம்கூட சைக்கிளைத் தள்ளிக்கிட்டு வர்றேன்.”

சரியான சோம்பேறி! தினமும் தெம்பனீஸிலிருந்து பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் பறந்து வருகிறவனுக்கு, இந்த ஒரு மேடு ஏற வலிக்கிறதாம்.

நானும் அமீராவும் மிதித்தோம். அப்பப்பா, என்ன இறக்கம்! ஹேண்டிலை விட்டுக் கையை விரித்தால் காற்றே ஆளைத் தூக்குகிறது. எங்கிருந்தோ டுரியான் வாசனை. திடீரென்று ஒரு காட்டுப்பன்றி, குட்டிகளோடு குறுக்கே!

“யா அல்லாஹ்!” என்று அலறிய அமீரா, சைக்கிளோடு புதருக்குள் போய்விட்டாள்.

“யா அல்லாஹ்!” என்று அதே குரலில் நானும் அலறிக் காட்டினேன். பன்றியே நின்று திரும்பிப் பார்த்தது.

“நிவே, உன்னை அப்படியே கடல்ல தள்ளிடுவேன்!”

அப்போதுதான் எனக்கு அடுத்த யோசனை வந்தது. அமீராவைக் கோபுரத்துக்குப் போகச் சொல்லிவிட்டு நான் திரும்பினேன். சைக்கிளைச் சாய்த்து வைத்து, பெரிய ரப்பர் மரமாகப் பார்த்து ஒளிந்துகொண்டேன்.

இல்ஹாம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தனியாக வந்தான். பிரேம் ரொம்பப் பின்னால், எதையோ படம் பிடித்துக்கொண்டிருந்தான்.

சைக்கிள் கடை ஆன்ட்டியின் கரகரத்த குரலில் கத்தினேன். “ஹே பாய்! மை பைக் என்ன பண்ணினே, ஆ?”

இல்ஹாம் துள்ளி விழுந்தான். “சாரி ஆன்ட்டி! நோ பஞ்சர் ஆன்ட்டி! காத்தை மட்டும்தான் இறக்கி விட்டேன்! மை ஃப்ரெண்டுக்கு ஓட்டத் தெரியாது, அதான்... ப்ளீஸ், சத்தமா பேசாதீங்க!”



நான் மரத்தின் பின்னாலிருந்து வெளியே வந்தேன்.

இல்ஹாமின் முகம் தொங்கிப்போனது. “நீயா? போச்சு. எல்லாம் போச்சு.”

“பிரேமுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாதா?”

“மெதுவாப் பேசு! கேட்டா வெக்கப்படுவான். தனியா நடக்க விட்டுட்டு நாம ஜாலியா ஓட்டினா அவனுக்கு எப்படி இருக்கும்?” என்றான் இல்ஹாம். “நீ இப்ப இதை அவன் குரல்லயே வகுப்பு முழுக்க நடிச்சுக் காட்டுவே. அப்புறம் அவன் நம்மகூட எங்கேயும் வரமாட்டான்.”

அவனைக் குறை சொல்ல முடியாது. தமிழாசிரியர், கேன்டீனில் சமைக்கும் மக்சிக், அமீராவின் அத்தா என்று நான் விட்டுவைத்த குரல் ஏது?

“நிவே! நீ ஏன் திரும்பி வந்தே?”

பிரேம் ஓடி வந்துகொண்டிருந்தான்.

நான் சட்டென்று என் சைக்கிள் பக்கம் குனிந்தேன். டயர் மூடியைத் திருகிப் புல்லில் எறிந்தேன். வால்வை நகத்தால் அழுத்தினேன்.

ஸ்ஸ்ஸ்ஸ்...

“என்னுதும் பஞ்சர்!” என்றேன். உடனே அறிவிப்புக் குரலில், “நடராஜா சர்வீஸில் மேலும் ஒரு பயணி ஏறுகிறார்!”

பிரேம் இம்முறை நிஜமாகவே சிரித்தான்.

நடந்தோம். பாதித் தூரத்தில், தலைக்கு மேலேயே ஜோடியாக இரண்டு இருவாச்சிகள்! நான் அவற்றின் குரலில் கூப்பிட்டேன். ஒன்று பதிலும் சொன்னது. பிரேம் துள்ளித் துள்ளிப் படம் எடுத்தான். பறந்து பறந்து போன அமீரா, கோபுரத்தில் பார்த்ததெல்லாம் செல்ஃபி எடுக்கும் கூட்டத்தைத்தானாம்.

சாயங்காலம் கடைக்குத் திரும்பினோம். ஆன்ட்டி உட்கார்ந்து இரண்டு டயரையும் அழுத்திப் பார்த்தார். பம்ப் அடித்தார். காற்று அப்படியே நின்றது.

“நோ பஞ்சர்!” என்று நிமிர்ந்தார். “ஒன்லி நோ ஏர். மூடி எங்கே? டூ பைக், ரெண்டுலயும் மூடி இல்லே?”

நானும் இல்ஹாமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அமீரா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

பிரேம் கையை நீட்டி விரித்தான். உள்ளங்கையில் இரண்டு குட்டிக் கறுப்பு மூடிகள்.

“முதல் வளைவுல ஒண்ணு கிடந்துச்சு,” என்றான். “இன்னொண்ணு, நிவே ஒளிஞ்சிருந்த மரத்துக்கிட்ட.”

மூடிகளை ஆன்ட்டியிடம் கொடுத்தான்.

“ஆன்ட்டி, ஒன் மோர் பைக், கேன்? சீட்டை நல்லா இறக்கிக் கொடுங்க.” பிறகு எங்கள் பக்கம் திரும்பி, தொண்டையைச் செருமிக்கொண்டு, என்னுடைய அறிவிப்புக் குரலை அச்சு அசலாக எடுத்துவிட்டான்.

“பயணிகள் கவனிக்க! நடராஜா சர்வீஸ் இத்துடன் நிறுத்தப்படுகிறது. புது டிரைவருக்கு ஓட்டத் தெரியாது. இரண்டு பயணிகளும் தயவுசெய்து அவரைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளவும்!”