ஒரே கோட்டிங்

முதல் எழுத்து கலங்கத் தொடங்கியது.

அவன் ஸ்பிரே டப்பாவை ஜன்னல் திட்டில் வைத்தான்.

உள்ளங்கை நீளம்தான் அந்தப் பொம்மைக் கார். வெள்ளை அம்பாசடர். டிக்கியின் மேல் கண்ணாடித்தாள்போல மெல்லிய ஸ்டிக்கர். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவிட்டு, தாளிலிருந்து நழுவவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டியது. ஒரு குமிழ்கூட இல்லை.

ஒட்டியவரைக்கும் சரி.

அதன்மேல் கிளியரை, அந்த நிறமில்லாத பளபளப்புப் பூச்சை, பனி இறங்குகிற மாதிரி தூவ வேண்டும். தூவி, காயவிட்டு, மறுபடி தூவ வேண்டும். நாலு தடவை. கடைக்காரர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

கை கேட்கவில்லை.

இருபத்தாறு வருஷம் பட்டறையில் கார்களுக்குப் பெயின்ட் அடித்த கை. நிஜக் காரில் கிளியர் ஈரமாக நிற்க வேண்டும், குனிந்தால் முகம் தெரிய வேண்டும். அதே கணக்கில் ஒரே வீச்சில் நனைத்துவிட்டது.

ஸ்டிக்கர் சுருங்கியது. நீல மை கசிந்து வெள்ளையில் இறங்கியது.

தொட்டால் விரலோடு வந்துவிடும். துடைத்தால் பெயின்டும் போகும். ஊதினால் தூசி. இதற்காகவே எத்தனை பேரைப் பட்டறையில் கெட்ட வார்த்தையில் திட்டியிருக்கிறான்.

கையைக் கட்டிக்கொண்டு பார்த்தான்.

பாப்பாத்தி துணை.

அண்ணன் எழுதியது. பதினெட்டு வருஷம் அவர் ஓட்டிய டாக்ஸியின் பின்னால் இருந்த வாசகம். கல்லுடைத்து இருவரையும் ஆளாக்கிய அம்மாவின் பேர்.

வாதத்தில் வலது கை விழுந்த பிறகு, இடது கையால், எச்சில் வழிய, மூன்று நாள் உட்கார்ந்து அந்த ஸ்டிக்கர் தாளில் எழுதினார். முடித்ததும் பாதி வாயால் சிரித்தார்.

போன வெள்ளிக்கிழமை இடது கையும் விழுந்தது. கூடவே பேச்சும்.

அவர் பார்க்க வேண்டும் என்றுதான் காரை இங்கே, அவர் அறைக்கே கொண்டுவந்து அடித்தான்.

கட்டிலிலிருந்து அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தார். காரின் முன்பக்கம் அவரைப் பார்த்திருந்தது. பின்பக்கம் இவனுக்கு மட்டும்.

அண்ணி கஞ்சிக் கிண்ணத்தோடு வந்தாள்.

"என்னங் தம்பி, முடிஞ்சுதுங்களா? நம்ம புள்ளையப் பொண்ணு பாக்க வந்தப்பக்கூட இந்த மனுசன் இவ்வளவு ஆசையாப் பாத்ததில்ல."

"இன்னும் காயலீங்க அண்ணி."

ரெண்டாவது எழுத்து போயிற்று. அப்புறம் எது எப்போது போனது என்று தெரியவில்லை. எல்லாம் சேர்ந்து நீலமாக ஒரு கறை. யாரோ கை கழுவாமல் தொட்ட மாதிரி.

அண்ணி ஒவ்வொரு கரண்டியாக ஊட்டினாள். கன்னத்தில் வழிந்ததை முந்தானையால் துடைத்தாள். அண்ணன் கண்ணை எடுக்கவில்லை.

கிண்ணம் காலியாயிற்று. துணி துவைத்துக் கொடியில் போட்டுவிட்டு அண்ணி திரும்பி வந்தாள். அவன் அதே இடத்தில் நின்றான். காரின் பின்பக்கத்தை மறைத்தபடி.

"காயலீங்ணா," என்றான், யாரும் கேட்காமலே.

கிளியர் காயக் கால் மணி நேரம் போதும் என்று அண்ணனுக்கும் தெரியும். டாக்ஸிக்கு மூன்று தடவை பெயின்ட் அடித்தவன் இவன். மூன்று தடவையும் அண்ணன் பக்கத்திலேயே நின்றார். பொறுமை இல்லாமல் விரல் வைத்துப் பார்த்து, தம்பியிடம் வசவு வாங்கினார்.

அண்ணனின் கண்கள் காரை விட்டு அவன் முகத்துக்கு வந்தன.

கொஞ்ச நேரம் அங்கேயே நின்றன.

பிறகு, தூக்கம் வந்தவர்போல மூடிக்கொண்டன.