பத்தில் ஒன்பது

"மாசத்துக்கு எத்தனை நாப்கின் ஆகுது?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"மூணு. அதுக்கு மேல போகாது. அதுவும் முழுசா நனையாது" என்றாள் டெய்லரம்மா, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தபடி. கழுத்தில் தொங்கிய அளவு டேப்பைக் கழற்றி வைக்கவும் மறந்து, கடையிலிருந்து அப்படியே ஓடி வந்திருந்தாள். விரல்கள் அதைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக இருந்தன.

"எத்தனை மாசமா?"

"மூணு மாசமா. தேதி தவறாம வருது. எனக்கு ஒண்ணுதான் டாக்டர் புரியலை. கர்ப்பப்பையையே எடுத்தாச்சு. வீடே இல்லாதப்போ கதவைத் தட்டறது யாரு?"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். டெய்லரம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று மாதமாக அவள் ஒழுங்காகத் தூங்கவில்லை. நேற்று ஒரு ரவிக்கைக்கு இரண்டு இடது கையை வெட்டி வைத்துவிட்டாள்.

"வீடு முழுசா போகலைம்மா. மேல் பாகத்தை மட்டும்தான் எடுத்தாங்க. கர்ப்பப்பையோட வாய்ப்பகுதி அப்படியே இருக்கு, சினைப்பையும் இருக்கு. அந்த வாய் ஓரத்துல உள்தோல் கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருந்தா, மாசா மாசம் அதுவும் கசியும். சில பேருக்கு இப்படி வர்றதுண்டு."

"அப்போ... அது இல்லையே?"

"எது?"

"அதான் டாக்டர். பேர் சொல்ல வாய் வரலை."

"இல்லை. ஸ்கேன் சுத்தம். போன வாரம் எடுத்த வாய்ப்பகுதி டெஸ்ட்டும் சுத்தம். ஆனா ஆபரேஷன் முடிஞ்சதுன்னு அந்த டெஸ்ட்டை விட்டுடக் கூடாது. தேதியும் எண்ணிக்கையும் குறிச்சு வைங்க. அதிகமானாலோ, வலிச்சாலோ, தேதி மாறி வந்தாலோ உடனே வாங்க. தொந்தரவா இருந்தா மாத்திரை தரலாம். வீட்ல சொல்லிட்டீங்களா?"

"யார்கிட்ட சொல்ல? பையன் வேலைக்குன்னு வெளியூர்ல கிடக்கான், மாசத்துக்கு ஒரு தடவை வந்து தலையைக் காட்டறதோட சரி. மருமக ஒருத்திதான். அவளுக்கு ரெண்டு தடவை கரு தங்காம போச்சு. அவகிட்ட போய் ரத்தம்னு பேச்சை எடுக்கறதா?"

சொல்லாமல் விட்ட காரணம் இன்னொன்றும் இருந்தது. போன வருடம் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த அன்று, மிச்சமிருந்த நாப்கின்களை எல்லாம் மருமகளின் கையில் கொடுத்து, "இந்தா, எனக்கு இன்னியோட விடுதலை!" என்று தெருவுக்கே கேட்கும்படி அறிவித்தவள் அவள். இப்போது அதே மருமகளின் நாப்கின் பாக்கெட்டிலிருந்து மாதா மாதம் திருடிக்கொண்டிருந்தாள். குளியலறை அலமாரியில் கையை விட்டு, பாக்கெட்டைக் கண்ணால்கூடப் பார்க்காமல், ஒன்றை உருவிக்கொண்டு ஓடி வந்துவிடுவாள். இந்த வயதில் இப்படி ஒரு பிழைப்பு.

வரும் வழியில் மருந்துக் கடையில் ஒரு புதுப் பாக்கெட் வாங்கினாள். மருமகள் கூரியர் ஆபீஸிலிருந்து வருவதற்குள் வைத்துவிட்டால், திருட்டும் நேராகிவிடும், மானமும் மிஞ்சும்.

ஆனால் மருமகள் இப்போதெல்லாம் சீக்கிரமே வந்துவிடுகிறாள். டெய்லரம்மா அலமாரிக் கதவைத் திறந்து பாக்கெட்டை உள்ளே தள்ளும்போது பின்னால் குரல் கேட்டது.

"அத்தை, என்ன பண்றீங்க?"

திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல் நின்றாள் டெய்லரம்மா. பிறகு, வருவது வரட்டும் என்று எல்லாவற்றையும் கொட்டினாள். "உன் பாக்கெட்ல கை வச்சது நான்தான். மூணு மாசமா எனக்கு மறுபடியும் வருது. பயந்து செத்தேன். இன்னிக்குத்தான் டாக்டர் ஒண்ணுமில்லைன்னு சொன்னாங்க."

மருமகள் ஓடி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் கட்டியிருந்தது. "ஒண்ணுமில்லைன்னு நிச்சயமா சொன்னாங்களா? நான் தினமும் உங்க முகத்தைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன்."

"அப்போ உனக்குத் தெரியுமா?"

"பாக்கெட் குறையறது தெரியாதா அத்தை?"

டெய்லரம்மாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "தெரிஞ்சுமா வாயை மூடிக்கிட்டு இருந்தே? ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் அப்பவே அழுது தீர்த்திருப்பேனே! ஏன் கேட்கலை?"

மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

டாக்டரம்மா எண்ணிக்கை குறிக்கச் சொன்னது நினைவுக்கு வர, டெய்லரம்மா பழைய பாக்கெட்டை எடுத்து உள்ளங்கையில் கவிழ்த்தாள். ஒன்றே ஒன்று விழுந்தது. உறையைத் திருப்பிப் பார்த்தாள். பத்து என்று போட்டிருந்தது.

"இதை எப்போ வாங்கினே?"

"மூணு மாசத்துக்கு முன்னாடி."

"நடுவுல வேற வாங்கலையா?"

"இல்லை அத்தை."

மாதம் மூன்று. மூன்று மாதம். வாழ்நாள் முழுக்கத் துணியை அளந்து வெட்டிய மூளைக்கு, இந்தச் சின்னக் கணக்கு வந்து சேர ஒரு நிமிடம் ஆனது. ஒன்பதையும் எடுத்தது அவள்தான். பத்தாவது இதோ கையில் இருக்கிறது.

"உங்களைக் கேட்டா என் கணக்கும் தெரிஞ்சிடும். வெளியே சொன்னா இதுவும் போயிடுமோன்னு பயமா இருந்தது அத்தை" என்றாள் மருமகள், வயிற்றின் மேல் கையை வைத்தபடி. "நேத்தோட மூணு மாசம் முடிஞ்சுது."