லைசென்ஸில் இருந்த விலாசம்

ஆன்ஸ்லின் ஒரு பெண்ணின் விலாசத்தை அவள் புருஷனிடம் கொடுத்துவிட்டான். தப்பு அவ்வளவுதான்.

திற்பரப்பு அருவிக்குப் போகிற வழியில் வாடகை ஸ்கூட்டர் கடை. ஆன்ஸ்லினுக்கு அங்கே வேலை. வண்டி கேட்டு வருகிறவர்களின் லைசென்ஸைக் கடை போனில் படம் பிடிக்க வேண்டும். வண்டி திரும்பி வந்த பிறகும் படத்தை யாரும் அழிப்பதில்லை.

அன்றைக்கு மத்தியானம் சுதன் என்று ஒருவன் வந்தான். பெண்டாட்டி பிந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாளாம். கடைப் பேர் ஒட்டிய ஸ்கூட்டரில் அவளைப் பார்த்ததாக யாரோ சொன்னார்களாம். தன்னைப் பெற்ற அம்மையும் திருவனந்தபுரத்தில் யார் வீட்டிலோ வேலைக்கு நிற்கிறாளாம். சோறு பொங்கிப் போட ஆளில்லையாம். பிள்ளையின் படத்தைக் காட்டி அழுதான்.

ஆன்ஸ்லினுக்கும் அந்த வயதில் ஒரு மகள். போனில் தேடி, பிந்துவின் லைசென்ஸை எடுத்துக் காட்டினான். புதிதாக மாற்றிய நெய்யூர் விலாசம். சுதன் அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனான்.

முதலாளி மைதீன் கனி தொழுகை முடித்து வந்தார். ஆன்ஸ்லின் புண்ணியம் செய்தவன் போல விஷயத்தைச் சொன்னான்.

கனி உட்காரவில்லை.

"அந்தப் புள்ள லைசென்ஸ் தரும்போ என்ன கேட்டா, ஓர்ம இருக்கா?"

இருந்தது. இதை வேறு யாராவது பார்ப்பார்களா என்று கேட்டாள்.

"ஒருத்தனும் பாக்க மாட்டான்னு வாக்கு சொன்னது யாரு? நான்."

"பாவமா அழுதான், முதலாளி."

"அழுதா குடுத்துருவியாலே? வண்டிய எடு."

பின்னால் உட்கார்ந்தபடி கனி பிந்துவுக்குப் போன் அடித்தார். அவள் வேலையில் இருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் ஒன்றுதான் சொன்னாள்.

"பிள்ள வீட்ல இருக்கு."

அதோடு போன் நின்றுவிட்டது. வழியெல்லாம் கனி அவளுக்கு மறுபடி மறுபடி போன் அடித்தார். நாலு திட்டு திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது ஆன்ஸ்லினுக்கு.

நெய்யூரில் அந்த வீட்டு மதிலில் சுதனின் பைக் சாய்ந்து கிடந்தது. அவன் கதவை உதைத்துக்கொண்டிருந்தான். மத்தியானத்து அழுகை முகத்தில் இல்லை.

"கதவத் தெறட்டி. இன்னைக்கு ஒன்னக் கொன்னுட்டுத்தான் போவேன்."

ஆன்ஸ்லின் ஓடிப்போய் அவன் தோளைப் பிடிப்பதற்குள் கதவு திறந்தது.

வாசலில் ஒரு வயதான பெண். தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு பிள்ளை.

சுதன் ஓங்கிய கை அப்படியே நின்றது.

அவள் சத்தம் போடவில்லை. "அவளுக்க கைய நீ ஒடிச்ச அன்னைக்கு, அவளக் கூட்டிட்டு வந்தது நாந்தான். இனி இந்தப் பக்கம் வந்தேன்னா, ஸ்டேஷன்ல சாட்சி சொல்லுகதும் நானாக்கும். போ."

சுதன் கையை இறக்கினான். பைக்கை எடுத்தான். போய்விட்டான்.

ஆன்ஸ்லின் கடை போனை எடுத்தான். திரும்பி வந்த வண்டிகளின் லைசென்ஸ் படங்களை ஒவ்வொன்றாக அழித்தான். கனி பார்த்துக்கொண்டு நின்றார்.

"விலாசம் குடுத்தது நாந்தான் அம்மா" என்றான். "அப்படி அழுதான்."

"நல்லா அழுவான் மக்கா. சின்னதுலயே அப்படித்தான்."

ஆன்ஸ்லின் நிமிர்ந்தான்.

"நீங்க...?"

அவள் பிள்ளையை மறு தோளுக்கு மாற்றினாள்.

"திருவனந்தபுரத்துல வேலைக்கு நிக்கேன்னு சொல்லியிருப்பானே. அவனுக்க அம்மை. விக்டோரியா."