மஞ்சள் பொத்தான்

தம்பியின் நரம்பில் மருந்து ஏற்றும் இயந்திரத்தின் மஞ்சள் பொத்தானை சிஸ்டர் அவசரத்தில் இருமுறை அழுத்தினார். திரையில் மருந்தின் அளவைக் காட்டும் நான்கு என்ற எண் ஒரு கணம் நாற்பதாகி, மறுபடி நான்கானது. கட்டிலருகில் இருந்த ஷம்ஷாத் எழுந்து திரையை நெருங்கினாள். அந்தத் தடுமாற்றம் அவள் எழுதியது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று எப்போதோ இணையத்தில் இலவசமாகப் போட்ட நிரலில் இருந்த பிழை. பொத்தானை வேகமாக இருமுறை அழுத்தினால் சில சமயம் எண் நாற்பதிலேயே நின்று, மருந்து பத்து மடங்கு ஏறும். முகம் தெரியாத யாரோ சுட்டிக்காட்ட, அன்றே திருத்திவிட்டாள். அதற்குள் எடுத்துப் போன இந்த இயந்திரக் கம்பெனிக்காரர்கள் பழையதையே பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள்.

"சிஸ்டர், இத மாத்துங்க. இல்லன்னா திறந்து விடுங்க, உள்ள ஒரே ஒரு வரிதான், நானே சரிபண்ணிடுறேன்."

"வேற மெஷின் இல்லங்க. நிறுத்தினா தம்பிக்கு பிரஷர் இறங்கிடும். கம்பெனிக்காரங்கள தவிர யாரும் தொடக்கூடாது, சீல் ஒட்டியிருக்கு பாருங்க."

கம்பெனியின் எண்ணை அழைத்தால், காத்திருக்கச் சொல்லும் பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. ஷம்ஷாத் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, பொத்தானை உள்ளங்கையால் மூடியபடி நின்றாள். கை மரத்துப்போனது. ஷிஃப்ட் மாறி, புது சிஸ்டர் விரலை நீட்டியபடியே வந்தார்.

"கொஞ்சம் கைய எடுங்கக்கா."