குண்டும் குழியும்

மூக்குக்கண்ணாடிக் கடையின் கண் சோதனைப் பெட்டியில், ஒரே பவரில் இரண்டு லென்ஸ்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. நடு தடித்த குண்டு லென்ஸ் வெளிச்சத்தை உள்பக்கம் வளைத்துக் குவிக்கும். நடு மெலிந்த குழி லென்ஸ் வெளிப்பக்கம் வளைத்து விரிக்கும்.

“வர்ற வெளிச்சத்தை இப்படி விரட்டுறீங்களே, பேப்பர் படிக்கிறவங்க என்ன பண்ணுவாங்க?” என்றது குண்டு.

“தூரத்து பஸ் போர்டு மங்கலாத் தெரியுறவங்களைக் கேளுங்க, யாரு வேணும்னு,” என்றது குழி.

“உங்க கோணலை நான் நிமிர்த்துறேன்.”

“முதல்ல உங்களதை நான் நிமிர்த்துறேன்.”

ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒட்டிக்கொண்டன. கடைக்காரர் மரியம் ஒரே லென்ஸ் என்று நினைத்து, தூரப்பார்வை மங்கிய லாரி டிரைவர் சின்னமாயனுக்கு அதை மாட்டிவிட்டார்.

சின்னமாயன் சுவரிலிருந்த எழுத்துகளை முறைத்துப் பார்த்தார். “வெறுங்கண்ணுல தெரியுற மாதிரியேதான் இருக்கு. வேற கடை பார்க்கிறேன்மா,” என்று எழுந்து போய்விட்டார்.

இரண்டும் பெட்டிக்குத் திரும்பின. மூலையில் கிடந்த, வளைவே இல்லாத சாதாரணக் கண்ணாடி நகர்ந்து இடம் விட்டது.

“வாங்க, உட்காருங்க. இத்தனை நாளா இங்கே நான் ஒருத்தன்தான் சும்மா இருந்தேன்.”